பூனையைத் தேடிய அம்மா

மலாக்கா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் நாடகம் பார்க்கத் தனி மண்டபம் தேவைப்பட்டதில்லை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் இருந்த தோட்டங்களில் மாரியம்மன் கோவில் திருவிழா வந்துவிட்டால், கோவிலுக்கு முன்னுள்ள திடலே அரங்காகிவிடும். நான்கு கம்புகளை நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டால் மேடை தயார். கியாஸ் விளக்கு வெளிச்சத்தில் வள்ளி திருமணமும் அரிச்சந்திரன் கதையும் விடிய விடிய நடக்கும். காலையில் பால்மரம் வெட்டியவரே இரவில் மயானம் காக்கும் அரிச்சந்திரனாக நிற்பார். பார்ப்பவர்கள் தரையில் பாய் விரித்து, குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். நடிகர் வசனத்தை மறந்தால், முன்னால் இருக்கும் ஒருவர் அதை எடுத்துக் கொடுப்பார். கதை எல்லாருக்கும் தெரியும்; மொழியும் எல்லாருக்கும் தெரியும்.

இன்று உலகின் பல நகரங்களில், சிறிய அரங்குகளில், வேறு வகையான நாடகங்கள் நடக்கின்றன. அங்கும் நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையே சில அடி தூரந்தான் இருக்கும். ஆனால், கதை முன்பே தெரிந்ததாக இராது. சில வேளைகளில் மேடையில் பேசப்படும் மொழியே பார்ப்பவருக்குத் தெரியாது. மொழி புரியாவிட்டால் நாடகத்தை எப்படி இரசிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் நாடகம் ஒன்று மலாக்காவுக்கு அருகிலேயே, சிங்கப்பூரில், 1988ஆம் ஆண்டு பிறந்தது. அந்த நாடகத்தின் மேடையில் தமிழும் ஒலித்தது.

சிற்றரங்கின் சிறப்பு

சிற்றரங்கு என்பது ஐம்பது முதல் இருநூறு பேர் வரை அமரக்கூடிய சிறிய நாடகக் கூடம். பெரும்பாலும் அதன் சுவர்கள் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கும். உயர்ந்த மேடையோ கனமான திரையோ இருப்பதில்லை. நாற்காலிகளை வேண்டியவாறு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று நடிகர் குரலை உயர்த்துவார். கையை அகல வீசுவார். சிற்றரங்கில் அதற்குத் தேவை இல்லை. அவர் பெருமூச்சு விட்டாலே கேட்கும். கண்ணிமை துடித்தாலே தெரியும்.

சிற்றரங்குகளுள் பல, வேறு வேலைக்காகக் கட்டப்பட்ட பழைய கட்டடங்களில் இயங்குகின்றன. கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிகழ்கலை மையம் ஒரு காலத்தில் இரயில்வே பட்டறையாக இருந்தது. அங்கே ஏறத்தாழ 500 பேர் அமரும் பெரிய அரங்கும், 200 பேருக்குச் சற்றுக் குறைவாக அமரும் சிறிய அரங்கும் உள்ளன. மலாக்காவிலிருந்து நெடுஞ்சாலை வழியாக இரண்டு மணி நேரத்தில் அங்குச் சென்றுவிடலாம்.

பெரிய அரங்கை வாடகைக்கு எடுப்பவர் எல்லா இருக்கைகளையும் நிரப்ப வேண்டும். ஆகவே, மக்களுக்குப் பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்ததையே மேடையேற்ற முனைவார். சிற்றரங்கிலோ செலவு குறைவு. புதிய முயற்சியில் தோற்றாலும் இழப்பு சிறியது. 1947ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அனைத்துலகக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் அங்குச் சென்றன. கிடைத்த இடங்களில் அவை நாடகம் போட்டன. அழைக்கப்படாத அந்த எட்டுக் குழுக்களின் முயற்சியே இன்று உலகின் மிகப் பெரிய கலைவிழாக்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. புதிய நாடகங்கள் பல அந்த விழாவின் சிறு கூடங்களிலிருந்தே புறப்பட்டு உலகைச் சுற்றி வருகின்றன.

நாடகத்தைப் படைத்தவர்

சிங்கப்பூர் நாடகத்துறையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் குவோ பாவ் குன். அவர் 1939ஆம் ஆண்டு சீனாவின் எப்பேய் மாநிலத்தில் பிறந்தார். பத்து வயதில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் நாடகக்கலை பயின்று திரும்பி, 1965ஆம் ஆண்டு தம் துணைவியார் கோ லே குவானுடன் சேர்ந்து ஒரு நிகழ்கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1976 முதல் 1980 வரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். வெளியே வந்த பிறகு எழுதிய நாடகங்களே அவருக்குப் பெரும்புகழைத் தந்தன. சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத வல்லவராக இருந்த அவருக்குச் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

புதிய முயற்சிகளுக்குச் சிறிய இடங்கள் தேவை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். சிங்கப்பூரின் ஆர்மீனியன் தெருவில், பயன்பாட்டில் இல்லாத மின்சாரத் துணைநிலையம் ஒன்று இருந்தது. அதனை ஒரு கலைமையமாக மாற்றி, 1990ஆம் ஆண்டு திறந்து வைக்கக் காரணமாக இருந்தார். அதற்குள் ஏறத்தாழ நூறு பேர் அமரும் சிற்றரங்கு ஒன்று அமைந்தது. மலாய், சீன, தமிழ், ஆங்கில நாடகக்காரர்கள் ஒரே கூரையின் கீழ்ச் சந்திக்க அங்கு வாய்ப்புக் கிடைத்தது. சுமாரான வெற்றியைவிட மதிப்புள்ள தோல்வியே மேல் என்பது அவரது கொள்கை. 2021ஆம் ஆண்டு அந்த மையம் பழைய கட்டடத்தை விட்டு வெளியேறியது. எனினும், அங்கே வளர்ந்த கலைஞர்கள் இன்றும் நாடகத்துறையில் செயல்பட்டு வருகிறார்கள்.

பூனையைத் தேடும் அம்மா

குவோ பாவ் குன் 1988ஆம் ஆண்டு உருவாக்கிய 'பூனையைத் தேடும் அம்மா' என்ற நாடகம், சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்று கருதப்படுகிறது. ஆக்கியன், தியோச்சியூ, கண்டனீசு, மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகிய மொழிகள் அதில் கலந்து வந்தன. முழு வசனத்தையும் எழுதி முடித்து நடிகர்களிடம் கொடுக்கும் வழக்கமான முறை இதில் பின்பற்றப்படவில்லை. வெவ்வேறு மொழி பேசும் நடிகர்கள் பட்டறையில் கூடினார்கள். தத்தம் வீட்டில் பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் நடித்துப் பார்த்தார்கள். அவற்றிலிருந்து நாடகம் சிறிது சிறிதாக உருப்பெற்றது.

கதை எளியது. ஓர் அம்மாவுக்குத் தெரிந்தது ஆக்கியன் மொழி மட்டுமே. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அவர் அந்த மொழியில் கதை சொன்னார், பாட்டுப் பாடினார். பிள்ளைகள் அவரைச் சுற்றியே விளையாடினார்கள். பின்னர் அவர்கள் பள்ளிக்குச் சென்றார்கள். மாண்டரினும் ஆங்கிலமும் கற்றார்கள். வளர வளர, தங்களுக்குள் அந்த மொழிகளிலேயே பேசிக்கொண்டார்கள். அம்மா பேசுவது அவர்களுக்கு எட்டவில்லை. அவர்கள் பேசுவது அம்மாவுக்கு எட்டவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் அம்மா தனித்துப் போனார். அவருக்குத் துணையாக இருந்தது ஒரு பூனைதான். ஒருநாள் அந்தப் பூனையும் காணாமற் போயிற்று. அம்மா அதைத் தேடி வெளியே புறப்பட்டார்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அக்காலச் சிங்கப்பூரை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கு வாழ்ந்த சீனர்கள் ஆக்கியன், தியோச்சியூ, கண்டனீசு எனப் பல வட்டார மொழிகளைப் பேசி வந்தனர். அவர்கள் அனைவரையும் ஒரே பொதுமொழியின் கீழ்க் கொண்டுவர, 1979ஆம் ஆண்டு மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் வட்டார மொழிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. அந்த இயக்கத்தால் வெவ்வேறு வட்டார மொழி பேசியவர்கள் தமக்குள் எளிதாகப் பேச முடிந்தது. ஆனால், பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த பேச்சு பல வீடுகளில் நின்றுபோனது. அந்த இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் காட்டவில்லை. அதை ஒரு நாடகம் காட்டியது.

தெருவில் சந்தித்த இருவர்

பூனையைத் தேடிச் செல்லும் அம்மா, வழியில் ஓர் இந்திய முதியவரைச் சந்திக்கிறார். அவர் பேசுவது தமிழ். அவரும் தம் பூனையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. முதியவருக்கு ஆக்கியன் தெரியாது. இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை.

ஆயினும் இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். அவர் தமிழிலேயே பேசுகிறார். அம்மா ஆக்கியனிலேயே பேசுகிறார். கையும் முகமும் குரலும் துணைக்கு வருகின்றன. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் ஒன்று விளங்கிவிடுகிறது: எதிரில் நிற்பவரும் தம்மைப் போலவே ஒரு பூனையைத் தேடுகிறார். முன்பின் தெரியாத இருவர், மொழி தெரியாத இருவர், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் கிடைக்காத ஒன்று அந்த அம்மாவுக்குத் தெருவில் கிடைக்கிறது.

இந்த நாடகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இக்காட்சியையே முதலில் நினைவுகூர்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே விழுந்தது மொழிப்பிளவு என்றே பார்ப்பவர் முதலில் எண்ணுவார். ஆனால், தெருவில் மொழி இல்லாமலே இருவர் புரிந்துகொள்வதைக் கண்டதும் அந்த எண்ணம் ஆட்டம் காணும். பிள்ளைகளுக்கு அம்மாவின் மொழி மறந்துபோனது மட்டுமா குறை? முதியவர் ஒரு நிமிடம் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகள் அப்படி நின்று பார்க்கவில்லை. மொழி அறுந்த இடத்தில் பொறுமையும் அறுந்துபோயிருந்தது.

மற்றொரு சிறப்பும் இந்நாடகத்திற்கு உண்டு. மேடையில் ஒலித்த எல்லா மொழிகளையும் அறிந்தவர் அவையில் இருப்பது அரிது. ஆகவே, மேடையில் நடப்பது அவையிலும் நடந்தது. அம்மா பேசும்போது ஆக்கியன் தெரிந்த மூதாட்டிக்குப் புரியும். பக்கத்தில் இருக்கும் பேரனுக்குப் புரியாது. முதியவர் வாய் திறந்ததும் தமிழர் ஒருவர் மட்டும் சிரிப்பார். சுற்றியிருப்பவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் இல்லை. எதுவுமே தெரியாதவர் என்றும் யாரும் இல்லை. அந்த அரங்கில் தமிழ் ஒரு வேடிக்கைக்காகவோ அலங்காரத்திற்காகவோ சேர்க்கப்படவில்லை. கதையின் திருப்புமுனையே தமிழ் பேசும் ஒருவரால் நிகழ்ந்தது.

மலாக்காவின் மொழிகள்

இந்த நாடகத்தை மலாக்காவில் நிகழ்வதாகக் கற்பனை செய்வது கடினமன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் தங்கியிருந்த போர்த்துகீசியரான தோமே பீரேசு, இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதைக் கேட்கலாம் என்று தம் நூலில் குறித்துள்ளார். தமிழ் வணிகர்கள் அக்காலத்திலேயே இங்கு நிலைபெற்றிருந்தனர். அவர்களின் வழிவந்தவர்களே மலாக்காச் செட்டிகள். காஜா பெராங்கில் வாழும் அவர்களின் வீட்டுமொழி தமிழ் அன்று. மலாய்மொழியின் ஒரு கிளைவழக்கு. எனினும், சைவ வழிபாட்டையும் முன்னோருக்குப் படைக்கும் வழக்கத்தையும் அவர்கள் கைவிடவில்லை. பொங்கலுக்கு முந்திய போகி நாளில் வாழையிலை விரித்து, மறைந்த பெரியவர்களுக்குப் படையலிடுகிறார்கள். 1781ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் சாலையில் இன்றும் அவர்களின் பெயரைச் சொல்லி நிற்கிறது. மொழி மாறினாலும் உறவை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு சமூகத்தால் முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. அந்தப் பிடிப்பு தானாக வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொடுத்து வந்தது.

தோட்டத் தமிழரின் வரலாறு வேறு. 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வாணிகத்திற்காக முதன்முதலில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அவர் புக்கிட் அசகானிலும் பெரிய அளவில் பயிரிட்டார். இவற்றைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். தோட்டத்தில் தமிழே வேலைமொழியாகவும் வீட்டுமொழியாகவும் இருந்தது. பெரட்டு, உளி, ஒட்டுப்பால், லயம் என்று தோட்ட வாழ்க்கைக்கே உரிய ஒரு சொற்செல்வம் உருவாயிற்று. அதே வேளையில், தோட்டத்துப் பெண்கள் சீனர் மளிகைக்கடையில் அரைகுறை மலாயில் பேசியும், விரலை மடக்கிக் காட்டியும் கடனுக்குச் சாமான் வாங்கினார்கள். கணக்கு ஒருநாளும் தவறவில்லை. நாடகத்தில் வரும் அம்மாவும் முதியவரும் தெருவில் பேசிக்கொண்டது போன்ற பேச்சு, தோட்டத்துக் கடைவாசலில் அன்றாடம் நடந்துவந்தது.

பின்னர் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் டுரியான் துங்கல், ஆயர் குரோ, மலாக்கா நகரம் எனக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கிறார்கள். நண்பர்களிடம் அவ்விரண்டையும் கலந்து பேசுகிறார்கள். அது தேவையானதுதான், நல்லதுதான். ஆனால், "அந்தக் காலத்தில் பெரட்டுக்கு நேரமாகிவிட்டால்..." என்று பாட்டி தொடங்கும்போது, 'பெரட்டு' என்றால் என்னவென்று கேட்கும் பேரப்பிள்ளை எத்தனை வீடுகளில் இருக்கிறது? கேட்காமல் கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளை எத்தனை வீடுகளில் இருக்கிறது? பூனையைத் தேடும் அம்மா ஆக்கியன் பேசுபவர் என்பதால் மட்டும் அவர் வேற்று மனிதர் ஆகிவிடமாட்டார்.

நடிகருக்கே தெரியாத நாடகம்

பார்வையாளரையும் நாடகத்தின் ஒரு பகுதியாக்கும் முயற்சி பிற நாடுகளிலும் நடந்துள்ளது. ஈரான் நாட்டு எழுத்தாளர் நசீம் சுலைமான்பூர், கட்டாய இராணுவச் சேவைக்குச் செல்ல மறுத்ததால் கடவுச்சீட்டுப் பெற முடியாமல் இருந்தார். தம்மால் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. தம் நாடகமாவது உலகைச் சுற்றி வரட்டும் என்று அவர் எண்ணினார். அப்படி எழுதியதே 'வெள்ளை முயல் சிவப்பு முயல்'. 2011ஆம் ஆண்டு அது முதன்முதலாக மேடையேறியது.

அந்த நாடகத்திற்கு இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நடிகர் தனியாக மேடைக்கு வருவார். நாடகப் பிரதி மூடிய உறை ஒன்றில் இருக்கும். அதைப் பார்வையாளர்களின் கண்முன்னே பிரித்து, முதன்முறையாகப் படித்தபடியே நடிக்க வேண்டும். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எண் சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டால் மேடைக்கும் செல்ல வேண்டும். முன்வரிசையில் ஓர் இருக்கை காலியாக விடப்படும். அது அங்கு வர இயலாத எழுத்தாளருக்கு உரியது. 2013ஆம் ஆண்டு அவருக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. அதன் பிறகே, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், அவர் தம் நாடகத்தை முதன்முறையாக அரங்கில் அமர்ந்து பார்த்தார்.

சிங்கப்பூர் நாடகத்தில் அம்மாவின் மொழிக்கு வீட்டில் இடமில்லை. ஈரானியர் நாடகத்தில் எழுதியவருக்கே அரங்கிற்கு வர வழியில்லை. இரண்டிலும் இல்லாத ஒருவரை நினைத்துப் பார்க்கும் பொறுப்புப் பார்வையாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

பாரிசில் ஒலித்த கூத்து

புதுமை என்றால் பழையதை ஒதுக்குவது என்று பொருளன்று. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சூரிய நாடகக் குழு 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பாரிசின் புறநகரில் ஒரு பழைய தோட்டாத் தொழிற்சாலைதான் அதன் அரங்கு. அக்குழுவின் இயக்குநர் அரியான் முனுஷ்கின் 2016ஆம் ஆண்டு 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். இந்தியாவுக்கு வந்த ஒரு நாடகக் குழு, வன்முறை நிறைந்த உலகில் இனி எதை நடிப்பது என்று திகைத்து நிற்பதே அதன் கதை. அந்தத் திகைப்புக்கு இடையே தெருக்கூத்து நுழைகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கிராமத்தைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தன் அக்குழுவினருக்குக் கூத்தைக் கற்றுக்கொடுத்தார். பல நாட்டு நடிகர்கள் தமிழில் பாடி, சலங்கை கட்டி ஆடி, பாரதக் கதைக் காட்சிகளை நடித்தார்கள். பிரெஞ்சு மக்கள் அதைப் பார்த்தார்கள். தமிழ் தெரியாத அவர்களும் திரௌபதியின் சினத்தைப் புரிந்துகொண்டார்கள். தோட்டத்துத் திடலில் கியாஸ் விளக்கின் கீழ் ஆடப்பட்ட கலைக்கு உறவான ஒரு கலை, பாரிசில் புதிய நாடகமாக வரவேற்கப்பட்டது.

புதிய நாடகத்தைப் பார்ப்பது எப்படி?

புதிய நாடகம் ஒன்றைப் பார்க்கச் செல்லும் மாணவர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். கதை உடனே புரியவில்லை என்றால் பதற்றம் வேண்டா. யார் பேசுகிறார் என்பதோடு, யார் பேசாமல் நிற்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய நாடகங்களில் மௌனத்திற்கும் வசனம் உண்டு. தெரியாத மொழி ஒலிக்கும்போது நடிகரின் கண்ணையும் கையையும் பார்க்க வேண்டும். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், அது யாருக்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கைப்பேசியை அணைத்துவிடுவது மரியாதை மட்டும் அன்று. சிற்றரங்கில் அதன் சிறு வெளிச்சமும் நடிகரின் கண்ணில் விழும்.

நாடகம் முடிந்த பின்னர், விளங்காத ஒரு காட்சியைப் பற்றி நண்பர்களுடன் பேச வேண்டும். ஒருவருக்குப் புரியாதது மற்றவருக்குப் புரிந்திருக்கும். அவ்வாறு கூடிப் பேசும்போதுதான் நாடகம் முழுமை பெறுகிறது.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை. மலாக்காவின் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் சிறிய மண்டபங்கள் இருக்கின்றன. நாற்பது நாற்காலிகளைப் போட்டு, நடுவில் கொஞ்சம் இடம் விட்டால் அதுவே சிற்றரங்கு. மின்சாரத் துணைநிலையமும் இரயில்வே பட்டறையும் தோட்டாத் தொழிற்சாலையும் அரங்குகளாகும்போது, தோட்டத்து மண்டபம் ஆகாதா? முதலில் வேண்டியது ஒரு கதை. அந்தக் கதை வீட்டிலேயே இருக்கிறது. பாட்டியிடமோ தாத்தாவிடமோ சென்று, அவர் சொல்லும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

அருஞ்சொற்பொருள்

பட்டறை – பயிற்சி செய்து பார்க்கும் கூட்டம், தொழிற்கூடம்
பன்மொழி நாடகம் – பல மொழிகள் கலந்து வரும் நாடகம்
ஒத்திகை – மேடையேறும் முன் நடித்துப் பார்த்தல்
பெரட்டு – தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்தல்
ஒட்டுப்பால் – மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால்

சிந்தித்து விடையளிக்க

1. பெரிய அரங்கைவிடச் சிற்றரங்கு புதிய முயற்சிகளுக்கு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. அம்மாவும் தமிழ் முதியவரும் சந்திக்கும் காட்சி நாடகத்தின் திருப்புமுனையாக அமைவது எவ்வாறு?
3. "மொழி அறுந்த இடத்தில் பொறுமையும் அறுந்துபோயிருந்தது." இக்கூற்றை உம் சொந்த நடையில் விளக்குக.
4. மலாக்காச் செட்டிகளின் வாழ்க்கையிலிருந்து அறியப்படும் கருத்து யாது?
5. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நீர் அறியாத ஒரு சொல்லைக் கேட்டறிந்து, அதனை மையமாகக் கொண்டு ஐந்து நிமிட நாடகக் காட்சி ஒன்றை எழுதுக.